நீர்க்கடுப்புக்கு ஊர் மாத்திரை

1

சென்ற சனிக்கிழமை காலை கடைக்குள் நுழைந்ததும் புஷ்பா ஒரு மஞ்சள் துணிப்பையை என் கையில் திணித்தாள். புஷ்பா என்னுடன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்ப்பவள். என்னைப் போலவே கும்பகோணத்துக்காரி. பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். யார் ஊருக்குப் போனாலும் எங்கள் வசந்தா அண்ணி விடமாட்டாள். வீடு தேடிப்போய்ப் பையைக் கொடுத்து, எடை கூடினால் உன் சாமானில் ஒன்றைக் குறைத்துக்கொள் என்று உரிமையோடு சொல்லிவிட்டும் வருவாள்.

பையில் எல்லாம் வழக்கம்போல இருந்தன. குழம்புப் பொடி, கொத்தவரை வற்றல், மணத்தக்காளி வற்றல். வற்றல் பொட்டலத்துக்குள் செய்தித்தாளில் மடித்த ஓர் அட்டை மாத்திரை. அதன்மேல் அண்ணியின் கோணல் எழுத்தில் ஒரே சொல்: சூட்டுக்கு.

அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். இந்தமுறை அது முழுதாக இல்லை. பத்துக் குழியில் நான்கு காலியாக இருந்தது.

போன வருஷமாக இருந்தால் இதை நான் கவனித்திருக்கமாட்டேன். இப்போது எனக்கு மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரியும். அதை ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கற்றுக்கொண்டேன். இந்த வாரத்தோடு அதற்கு ஒரு வருஷம் முடிகிறது. அண்ணிக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. அண்ணி நான்கு மாத்திரை போட்டிருக்கிறாள், எரிச்சல் அடங்கியிருக்கிறது, மீதி ஆறை எனக்கு அனுப்பிவிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்ததும், அது எதனால் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக நான் சொல்லவில்லை.

வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்த இந்த ஒரு வருஷத்தில் இவள் இன்னும் எத்தனை அட்டையை இப்படிப் பாதியில் நிறுத்தினாளோ!

2

முதல் அட்டை என் கைக்கு வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அண்ணன் மகள் கல்யாணத்தில். மண்டபத்தில் பெண்கள் பக்கம் இருந்தது ஒரே ஒரு கழிவறை. அதன் வாசலில் எப்போதும் பட்டுச்சேலைகளின் வரிசை. உங்களுக்குத் தெரியாததா? நம் பெண்கள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். முகூர்த்தத்தன்று காலை போனால் நெருப்பாக எரிந்தது. போய்விட்டு வந்த மறுநிமிஷம் மறுபடி வருவதுபோல இருக்கும், போனால் நான்கு சொட்டு.

என் முகத்தைப் பார்த்தே அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். சீர்வரிசைத் தட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"சூடுதான் கமலா, பயப்படாத. எனக்கும் அப்பப்ப வரும். எரிச்சல் நிக்கிற வரைக்கும் போடு, நின்னதும் நிறுத்திடு. உங்க அண்ணன்கிட்ட வாயத் தொறக்காத."

மறுநாளே எரிச்சல் நின்றது. அண்ணி தெய்வமாகத் தெரிந்தாள். மாத்திரையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுவீர்கள்.

நம்மிடம் இந்த நோய்க்குச் சூடு என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. உடம்பில் சூடு ஏறிவிட்டது, அவ்வளவுதான். தொப்புளில் விளக்கெண்ணெய் வை, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, இளநீர் குடி. சூடு என்று சொல்லிவிட்டால் எந்த இடத்தில் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பெண்கள் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சிங்கப்பூர் திரும்பியதும் அது விட்டுவிடவில்லை. விடுகிற மாதிரியா நான் நடந்துகொண்டேன்? எங்கள் வீடு சுவா சூ காங்கில். அங்கிருந்து பேட்டைக்குள் ஓடும் சின்ன ரயில், பிறகு பெரிய ரயில், கடைக்கு வந்துசேர ஒரு மணி நேரம். வழியில் வந்துவிடுமோ என்று காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. பத்து மணிக்கு நின்றால் மூன்று மணி வரை நிற்பதுதான். ஒரு வாடிக்கையாளர் முன்னால் முப்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்று எப்படிப் போவது?

அதோடு அந்தச் சாவி இருந்ததே! எங்கள் கடை பழைய வரிசைக் கட்டடத்தில் இருக்கிறது. கழிவறை பின்பக்க முற்றத்தில், பக்கத்துக் கடைக்கும் பொது. சாவி முதலாளியின் மேசை இழுப்பறையில். தொலைந்துபோகக்கூடாது என்று அதை ஓர் அடி நீள மர அளவுகோலில் கட்டிவைத்திருந்தார்கள். முதலாளியிடம் போய்க் கேட்டு வாங்கி, அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கடை முழுக்க நடந்து போகவேண்டும். ஆண்கள் அதைத் தோளில் தட்டிக்கொண்டு போவார்கள். நானும் புஷ்பாவும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவோம். ஒரு நாளைக்கு ஒருமுறைக்குமேல் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. அதனால் அடக்கினேன். வருஷக்கணக்கில் அடக்கினேன்.

எரியும்போதெல்லாம் அலமாரியில் சேலைகளுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் போடுவேன். மீதியைக் குப்பையில் போட மனம் வராது. அடுத்தமுறை புது அட்டையைத்தான் பிரிப்பேன், பழையதன் வீரியம் போயிருக்கும் என்று நானே ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். அரசாங்கப் பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறவள்தான் நான். அங்கே இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கால் எப்படி இருக்கிறது, கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வருவேன். சர்க்கரை ஏன் அடிக்கடி ஏறுகிறது என்று கேட்டால் தீபாவளிப் பலகாரத்தின்மேல் பழியைப் போடுவேன். பலகாரம் எந்த மாதத்தில்தான் இல்லை?

3

போன வருஷம் தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம். சின்ன ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது குளிர் வந்து தூக்கிப் போட்டது. குளிர்சாதனம் என்று முதலில் நினைத்தேன். பல் கிட்டித்துக்கொண்டது. வலது விலாவுக்குப் பின்னால் யாரோ முட்டியால் அழுத்துவதுபோல வலி. என் கணவர் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார், அன்று இரவு ஷிப்ட். மகள் நிவேதாதான் என்னை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள்.

நிவேதாவுக்கு இருபத்துநான்கு வயது. நல்ல பெண். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காதில் எந்நேரமும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். கடைசியாக நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது எப்போது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டவள் அன்று எனக்கும் டாக்டருக்கும் நடுவில் மொழிபெயர்க்க நின்றாள்.

டாக்டர் சீனப் பெண்மணி, சின்ன வயது. ஆங்கிலத்தில் கேட்டார். நிவேதா என் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் திணறினாள். அந்த இடத்துக்கான சொல் எதுவும் அவளிடம் இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வுக்குப் படித்த தமிழ்தான் கைகொடுத்தது.

"அம்மா, நீங்கள் சிறுநீர் கழிக்கும்பொழுது எரிச்சல் ஏற்படுகிறதா?"

வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த கேள்வி, இதற்கு முன்னால் வந்திருக்கிறதா, எத்தனை முறை, என்ன மருந்து சாப்பிட்டீர்கள். படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

"இல்லன்னு சொல்லு. இதான் மொத தடவ."

நிவேதா அப்படியே சொன்னாள். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். முதல்முறை வருகிறவர்களுக்கு எந்த மருந்து பொதுவாகக் கேட்குமோ அதை ஊசியில் ஏற்றினார்கள்.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை. சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. ரத்தத்தில் சிறுநீரகத்தின் கணக்கு தப்ப ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மூத்திரக் கிருமிப் பரிசோதனையின் முடிவு வந்தது. எனக்குள் இருந்த கிருமி அந்த மருந்துக்கும், அதைப் போன்ற வேறு சில மருந்துகளுக்கும் மசியாத கிருமி. முதல்முறை வருகிறவருக்கு இது அவ்வளவாக நடக்காதே என்று டாக்டர் என்னையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் எனக்கு நைட்டி எடுத்துவர நிவேதா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த பிஸ்கட் டப்பா. கட்டில்மேல் வைத்து மூடியைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"ஃபர்ஸ்ட் டைம்னு டாக்டர்கிட்ட நான்தானம்மா சொன்னேன். என் வாயால சொன்னேன். உங்களுக்கு எதாச்சும் ஆயிருந்தா?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளையை என் பொய்க்குக் கூலியாளாக ஆக்கிவிட்டேனே! அவளுடைய கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், அண்ணி, சாவி, எல்லாம். சூடு என்ற சொல்லை விட்டுவிட்டு, நாம் வாய்க்குள் முழுங்குகிற சொற்களிலேயே சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

டாக்டர் வந்து டப்பாவைப் பார்த்தார். சாப்பாடு வைக்கிற மேசையை என் முன்னால் இழுத்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினார். பதினொன்று இருந்தது. ஒன்றில் மூன்று குழி காலி, ஒன்றில் நான்கு, ஒன்றில் ஐந்து. முழுதாக முடித்த அட்டை ஒன்றுகூட இல்லை. இதுதான் ஆன்ட்டி உங்கள் நோயின் வரலாறு, நான் கேட்டது இதைத்தான் என்றார். ஒவ்வொரு அட்டையும் ஒருமுறை வந்த நோய். ஒவ்வொருமுறையும் பாதியில் விட்டதில் கிருமி சாகாமல் பிழைத்து, மருந்தைப் பழகிக்கொண்டு, அடுத்தமுறை இன்னும் முரடாக வந்திருக்கிறது. சிலமுறை அது இந்த மாத்திரைக்குக் கேட்கிற நோயாகக்கூட இருந்திருக்காது என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. நிவேதா ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கினாள், இந்தமுறை வீட்டுத் தமிழில்.

மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் மட்டும் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. இருக்கிறதை வைத்து நீங்கள் நன்றாக வாழலாம், ஆனால் இப்படி இன்னொருமுறை வரவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

4

வரவிடாமல் இருப்பது எப்படி என்று ஆஸ்பத்திரியில் எனக்கு வகுப்பே எடுத்தார்கள். ஒரு மலாய் நர்ஸ். பெரிய விஷயம் எதுவும் சொல்லவில்லை. நமக்கெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காத சின்ன விஷயங்கள்.

தாகம் எடுத்தால்தான் தண்ணீர் என்று இருக்கக்கூடாது, நேரத்துக்குக் குடிக்கவேண்டும். இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருப்பவர்கள் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும், எனக்கும் அளவு சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்தால்தான் போவேன் என்று இருக்கக்கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடவேண்டும். இதற்கு அந்த நர்ஸ் சொன்ன காரணத்தைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்க்கரை நாள்பட்டால் கால் மரத்துப்போகும் என்று நமக்குத் தெரியும். மூத்திரப்பையும் அப்படியே மரத்துப்போகுமாம். நிறைந்தது தெரியாது, முழுதாகக் காலியாவதும் இல்லை. உள்ளே தங்குவதில் கிருமி வளர்கிறது, சர்க்கரை அதிகமாக இருந்தால் அதற்கு விருந்துதான். எனக்கு அடக்கும் சக்தி அதிகம் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. அது சக்தியே இல்லை, நோய். அதனால் போனதும் எழுந்துவிடாமல், ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி முயற்சி செய்யச் சொன்னார்.

பிறகு கழுவும் முறை. நாம் தண்ணீரில் கழுவுகிறவர்கள், அதனால் நாமே சுத்தம் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. அந்த நர்ஸ் காற்றில் கையை வீசிக் காட்டினார். எப்போதும் முன்னாலிருந்து பின்னால், ஒருபோதும் பின்னாலிருந்து முன்னால் இல்லை. கழுவியபின் துடைத்து உலர்த்தவேண்டும். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது புதுச்செய்தி. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாதவிடாய் நின்றபின் அந்த இடம் வறண்டு சீக்கிரம் நோய் பிடிக்கும் என்று டாக்டர் ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார். மறுபடி எரிந்தால் முதலில் மூத்திரப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை. கொடுத்த மாத்திரையை, எரிச்சல் நின்றாலும் நிற்காவிட்டாலும், சொன்ன நாள்வரை முடிக்கவேண்டும். பார்க்க வந்த யாரோ, கிரான்பெர்ரி என்கிற குருதிநெல்லிச் சாறு இதற்கு நல்லது என்று குடிக்கச் சொல்லி இரண்டு பெரிய புட்டி வாங்கிவந்தார்கள். நிவேதா அதன் லேபிளில் சர்க்கரையின் அளவைப் படித்துவிட்டு இரண்டையும் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று நேரே முதலாளியிடம் போனேன். அறுபது வயது தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பெண்களிடம் நிமிர்ந்துகூடப் பேசமாட்டார். இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு நோய் இது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போகவேண்டும், ஒவ்வொருமுறையும் உங்களிடம் சாவி கேட்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குப் போயி இவ்ளோ வருஷம் சும்மா இருந்தீங்களாம்மா? சொன்னா ஒரு ஆணி அடிச்சிருப்பேன் லா."

அன்றே பின்கதவு நிலையில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினார். என் சிறுநீரகம் அந்த ஆணிக்காகக் காத்திருந்து கெட்டது என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார், கேட்காமல் இருந்தது நான்தான்.

இப்போது தினமும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நிவேதாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு நீர்த்துளிப் படம் வரும். நான் குடித்துவிட்டு அதே படத்தைத் திருப்பி அனுப்புவேன். வேறு ஒரு வார்த்தையும் இருக்காது. அடுத்த வருஷம் அவள் கல்யாணமாகித் தனி வீடு போகப்போகிறாள். அங்கிருந்தும் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் எனக்கு அந்த எரிச்சல் ஒருமுறைகூட வரவில்லை.

5

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊருக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தோம். பிறகு சொல்லலாம் என்று பலமுறை போனை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது? நீங்கள் ஆசையோடு அனுப்பிய மாத்திரைதான் என்னைப் படுக்கவைத்தது என்றா? கடல் கடந்து வந்த நாத்தனாரை இருபத்தாறு வருஷமாக மறக்காமல், போகிறவர் வருகிறவர் காலைப் பிடித்துப் பொடியும் வற்றலும் அனுப்புகிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வருஷத்தில் முன்னே வந்த இரண்டு அட்டையைச் சத்தமில்லாமல் மருந்துக்கடையில் அழிக்கக் கொடுத்துவிட்டு, பொடி பிரமாதம் அண்ணி என்று செய்தி அனுப்பினேன். அவை முழு அட்டைகளாக இருந்ததால் அவளுக்கு இப்போது வருவதில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நான்கு குழி காலியான அட்டை வந்தபின் ஏமாற்ற முடியவில்லை. சனிக்கிழமை முழுவதும் தடுமாறிவிட்டு, ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டேன். அங்கே பொழுது விடிந்திருக்கும். அண்ணி எடுத்தாள். குரல் கம்மியிருந்தது. பொடி வந்ததா என்று கேட்டாள். வந்தது, அட்டையும் வந்தது, அதில் நான்கு மாத்திரை இல்லையே என்றேன்.

"இப்பல்லாம் கடைக்காரன் டாக்டர் சீட்டு கேக்குறான் கமலா. ஒரு அட்டைதான் கெடச்சுது. எனக்கு எரிச்சல் நின்னுடுச்சு, மீதி ஒனக்கு ஆகுமேன்னு வச்சேன்."

தனக்குக் கிடைத்ததில் பாதிக்குமேல் எனக்குத் தந்திருக்கிறாள். ஆனாலும் இந்தமுறை நான் பேச்சை நிறுத்தவில்லை. ரயிலில் குளிர் தூக்கிப்போட்டதிலிருந்து டாக்டர் அட்டைகளை அடுக்கியது வரை எல்லாம் சொன்னேன். உங்கள்மேல் குற்றம் இல்லை அண்ணி, நாம் இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்தோம் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. மெதுவாக ஒன்று கேட்டாள்.

"ஒனக்குப் பாத்தது ஆம்பள டாக்டரா, பொம்பள டாக்டரா?"

பெண் டாக்டர்தான் என்றேன். பெருமூச்சு விட்டாள். பிறகு, ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டு நாளாக முதுகில் ஒரு பக்கம் வலி. நேற்று சாயந்திரம் குளிர் வந்து உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாடியில் வெயிலில் வற்றல் காயவைத்ததில் சூடு ஏறிவிட்டது போலிருக்கிறது.

போனை அண்ணனிடம் கொடுங்கள் என்றேன். வேண்டாம் கமலா, அவருக்கு எதற்கு இதெல்லாம் என்றாள். வைத்துவிட்டு நேரே அண்ணன் எண்ணைக் கூப்பிட்டேன்.

அண்ணன் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அப்பா ஸ்தானம். அவர் முன்னால் நான் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அண்ணிக்கு மூத்திரத்துல கிருமி. அது சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும்னு பயமா இருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு இருக்காதீங்க."

அவள் சூடு என்றுதானே சொன்னாள் என்றார்.

"நானும் ஒம்பது வருஷமா அதத்தான் சொன்னேன் அண்ணே."

பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்காதீர்கள் என்றேன். சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மூத்திரம் கொடுத்துவிட்டு மருந்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டில் அண்ணி ஒளித்து வைத்திருக்கிற அட்டைகளை எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றையும் விடாதீர்கள். அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தேனே, என்னிடம் சொல்லவில்லையே என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

6

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். துவாஸ் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் தம்பிகள் அம்மாவுக்கும் மனைவிக்கும் சேலை எடுக்க வருகிற நாள். பிரித்தேன், மடித்தேன், முந்தியைக் காட்டினேன், எது பேசினேன் என்று நினைவில்லை. பதினொரு மணிக்கு நீர்த்துளிப் படம் வந்தது. குடித்தேன். இரண்டு மணிக்கும் வந்தது.

மூன்று மணி இருக்கும். அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. பச்சை விரிப்புப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில். அதன்மேல் மாத்திரை அட்டைகள், எனக்கு அடுக்கியதுபோலவே வரிசையாக. பெரிதாக்கி எண்ண ஆரம்பித்தேன், இருபதுக்குமேல் எண்ண முடியவில்லை. எல்லாம் பாதி. ஓரத்தில் அண்ணியின் கை தெரிந்தது. ஊசி குத்த இடம் வேண்டி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார். அட்மிட் பண்ணிவிட்டார்கள். அரிசி டப்பாவுக்குள்கூட இருந்தது, எல்லாம் கொண்டுவந்தேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

நான் இதை எழுதும்போது அந்த இரண்டு மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

அந்தச் செய்தியின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. "உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றா. இனிமே மாத்திரைக்கு நீ என்ன பண்ணுவேன்னு கேக்குறா."

சேலைக் கட்டுகள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புஷ்பா ஓடிவந்து என்ன அக்கா, என்ன அக்கா என்றாள். கைப்பேசியை அவளிடம் காட்டினேன். அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடமும் ரெண்டு அட்டை இருக்கு அக்கா என்றாள்.

நாளைக்கு எடுத்துக்கொண்டு வா, நானே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். அண்ணனுக்குப் பதில் எழுதினேன். "எனக்கு இனிமே மாத்திரை வேண்டாம்னு சொல்லுங்க அண்ணே. பொடி மட்டும் போதும். அத அண்ணி எழுந்து வந்து அவங்க கையால அரைக்கட்டும், அதுவரைக்கும் காத்திருக்கேன்."

மூன்று மணி தாண்டியிருந்தது. ஆணியிலிருந்து சாவி கட்டிய அளவுகோலை எடுத்து, புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அதைக் கையில் வெளிப்படையாகப் பிடித்தபடி பின்பக்கம் போனேன்.